ஏர்லைன்ஸ் வேலையிலிருந்து சொந்தத் தொழிலுக்கு: சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தில் மறுபடி விமானம் இறங்க ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் வரும் கேள்விகள் கூடிவிட்டன. ஓமலூர், தாரமங்கலம், ஆத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் ஏர்போர்ட் வேலையில் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மனதில் ஒரு கருவி, ஒரு யோசனை, ஒரு கம்பெனிப் பெயர்கூட இருக்கிறது. நான் ஒரு ஏர்லைன்ஸில் லைன் மெயின்டனன்ஸில், அதாவது விமானத்தைப் புறப்படுமுன் சரிபார்க்கும் வேலையில், இருந்தவன். இப்போது சேலத்தில் சிறு பட்டறை வைத்து விமான நிலையத் தரைக்கருவிகள் செய்கிறேன். திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஏர்லைன்ஸ்ல சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் யாராவது நெஜமாவே எதையாவது கண்டுபிடிச்சு, அதை வெச்சுத் தொழிலும் நடத்தி இருக்காங்களாண்ணா?

இருக்கிறார்கள். முதலில் சொல்ல வேண்டியவர் எல்ரே ஜெப்பசன். 1907இல் அமெரிக்காவில் பிறந்தவர். 1930களின் தொடக்கத்தில் தபால் விமானம் ஓட்டிய பைலட். பின்னால் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஆன குழுமத்தில்தான் வேலை. அந்தக் காலத்தில் விமானிக்கென்று தனி வரைபடம் கிடையாது. சாலை மேப்பை மடியில் வைத்துக்கொண்டு ரயில் தண்டவாளத்தைப் பார்த்துப் பறப்பார்கள். மேகம் கவிந்தால் மலையில் மோதுவார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெப்பசன் பத்து சென்ட் கொடுத்து ஒரு கறுப்பு நோட்டு வாங்கினார். எந்த மைதானம் எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சரிவு, எங்கே மரம், எங்கே மின்கம்பம், எங்கே விளக்கு என்று எழுத ஆரம்பித்தார். வழியில் இருக்கும் விவசாயிகளின் டெலிபோன் நம்பரையும் குறித்துக்கொண்டார். போன் போட்டு "உங்க ஊர்ல மேகம் எப்படி?" என்று கேட்க. லீவு நாளில் உயரமானியைத் தூக்கிக்கொண்டு குன்று ஏறி உயரம் அளந்தார். மற்ற பைலட்கள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு நகல் கேட்டார்கள். கொஞ்ச நாள் சும்மா கொடுத்தார். 1934இல் ஒரு பிரதி பத்து டாலர் என்று விற்கத் தொடங்கினார். அவர் கல்யாணம் செய்துகொண்ட நடீனும் யுனைடெட்டில் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர்தான். இருவருமாகத்தான் அந்தத் தொழிலை வளர்த்தார்கள்.

வேலையை உடனே விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். இருபது வருடம் போல ஒரு கையில் ஏர்லைன்ஸ், மறு கையில் வரைபடக் கம்பெனி. 1954இல்தான் பறப்பதை நிறுத்தினார். 1961இல் கம்பெனியை நல்ல விலைக்கு விற்றார். இன்றைக்கும் உலகம் முழுக்க விமானிகள் கையில் இருக்கும் வரைபடங்களில் பெரும்பங்குக்கு அவர் பெயர்தான். டென்வர் விமான நிலையத்தின் டெர்மினலுக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இருந்து பார்த்தால் இதன் அருமை உடனே புரியும். சேலம் ரன்வே கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் அடியில் இருக்கிறது. கிழக்கே சேர்வராயன் மலை உச்சி 5,300 அடிக்கு மேல். ஐப்பசி மழையில் மலை மொத்தமும் மேகத்துக்குள் போய்விடும். அந்தப் பக்கம் எந்த உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதியிருப்பதால்தான் விமானி நிம்மதியாக வருகிறார்.

பைலட்டுக்கு இதெல்லாம் சுலபம். கண்டுபிடிப்புன்னா இன்ஜின், இறக்கை மாதிரி பெரிய விஷயமா இருக்க வேண்டாமா?

இப்படிக் கேட்பவர்களிடம் அவர்கள் சூட்கேஸைக் காட்டச் சொல்வேன். நிமிர்த்தி வைத்து, நீளும் கைப்பிடியைப் பிடித்துச் சாய்த்து இழுத்துப் போகிறோமே, அந்த வடிவத்தைக் கொண்டுவந்தவர் ராபர்ட் பிளாத், நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் பைலட். வருடம் 1987. அதற்கு முன்பே 1972இல் பெர்னார்ட் சாடோ என்பவர் சக்கரம் வைத்த பெட்டிக்குப் பேட்டன்ட் வாங்கியிருந்தார். ஆனால் அது படுக்கை வாட்டத்தில், ஒரு வாரைக் கட்டி இழுக்கிற மாதிரி. திரும்பினால் சாய்ந்துவிடும். பிளாத் இரண்டு சக்கரத்தைப் போட்டுப் பெட்டியை நிமிர்த்தினார்.

முதலில் வாங்கியவர்கள் அவரோடு வேலை பார்த்த விமானிகளும் பணிப்பெண்களும்தான். அவர்கள் அதை இழுத்துக்கொண்டு டெர்மினலில் நடக்க, பார்த்த பயணிகளெல்லாம் "இது எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்கள். அதுவே அவருக்கு விளம்பரம். பிறகு வேலையை விட்டுவிட்டு டிராவல்புரோ கம்பெனியை நடத்தினார்.

பைலட் அல்லாதவர் வேண்டுமென்றால், குவான்டாஸில் பாதுகாப்புப் பிரிவில் இருந்த ஜாக் கிராண்ட். அவசரத்தில் சறுக்கி இறங்கும் ரப்பர் சறுக்கு, தண்ணீரில் இறங்கினால் அதுவே படகாகவும் மிதக்கட்டும் என்று 1965இல் யோசித்தவர் அவர். இன்றைக்குக் கடல் தாண்டும் பெரிய விமானங்களில் அந்த ஏற்பாடு சகஜம்.

இந்தியாவுல சொந்தமா விமானமே கட்டினவர் ஒருத்தர் இருக்காராமே?

அமோல் யாதவ். ஜெட் ஏர்வேஸில் பைலட்டாக இருந்தவர். மும்பை காந்திவிலியில் தன் குடும்பம் இருந்த அடுக்குமாடியின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். மொட்டை மாடியில்! இறக்குவதற்குக் கிரேன் வைக்க வேண்டியிருந்தது. 2016 பிப்ரவரியில் மும்பை மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்தபோதுதான் நாட்டுக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். கட்டி முடித்த விமானத்துக்குப் பதிவு எண் கிடைத்தது 2017 நவம்பரில், அதுவும் மகாராஷ்டிர முதலமைச்சரும் பிரதமர் அலுவலகமும் தலையிட்ட பிறகு. பறந்து பார்க்க அனுமதி 2019 அக்டோபரில். நடுவில் 2018இல் மகாராஷ்டிர அரசோடு 35,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் என்று தலைப்புச் செய்தியெல்லாம் வந்தது. ஒப்பந்தத்தில் எழுதும் தொகை வேறு, தொழிற்சாலையில் எழும் சுவர் வேறு. அவருடைய துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. கட்டத் தெரிந்தவருக்கே காகிதத்துக்கு இத்தனை வருடம் ஆகிறது என்கிறேன்.

அப்போ விமானம், விமான பாகம் செய்யற ஆசையை விட்டுடணுமா?

விட வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். மேலே சொன்னவர்களில் ஜெப்பசன் விற்றது காகிதம். பிளாத் விற்றது பெட்டி. இரண்டுமே விமானத்தோடு சேர்ந்து போகும், ஆனால் விமானத்தின் பாகம் இல்லை. அதனால் பறக்கத் தகுதி உண்டா என்று யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. யாதவ் செய்தது முழு விமானம். அங்கே ஒவ்வொரு ரிவெட்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

விமானத்தில் மாட்டும் எந்தப் பொருளுக்கும் பிறப்புச் சான்று வேண்டும். வடிவமைக்க, தயாரிக்க, இரண்டுக்கும் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் கார்-21 விதிகளின்படி தனித்தனி அங்கீகாரம். பழுது பார்க்க கார்-145. பொருள் கை மாறும்போது, அது விமானத்தில் மாட்டத் தகுந்தது என்று சொல்லும் சிஏ ஃபார்ம் 1 என்ற காகிதம் கூடவே போக வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஹால்மார்க் இல்லாத கொலுசையாவது உருக்கி வெள்ளியாக விற்கலாம், காகிதம் இல்லாத விமான போல்ட்டை எடைக்குத்தான் போட வேண்டும். அது எவ்வளவு நேர்த்தியாகக் கடையப்பட்டிருந்தாலும் சரி.

ஆகவே என் அபிப்பிராயம்: முதல் பொருள் விமானத்தைத் தொடட்டும், விமானத்தோடு பறக்க வேண்டாம். சாக் (சக்கரம் உருளாமல் வைக்கும் கட்டை), டோ பார் (விமானத்தைத் தள்ளும் தண்டு), இன்ஜின் கவர், பிட்டோ கவர் (வேகம் அளக்கும் குழாய்க்கு மூடி), ஏணி, சரக்கு டிராலி, டூல் பாக்ஸ், பயிற்சிக் கருவி, ஷிப்ட் போடும் மென்பொருள். இதில் பேர் எடுத்துவிட்டு, பெரிய சப்ளையருக்கு ஜாப் ஒர்க்காகப் பறக்கும் பாகத்துக்குப் போங்கள். அதற்கு ஏஎஸ் 9100 தரச் சான்று கேட்பார்கள்.

தரைக்கருவின்னா நம்ம லேத் பட்டறையிலேயே செஞ்சிடலாமே, அதுல என்ன இருக்கு?

ஒரு டோ பாரை எடுத்துக்கொள்வோம். விமானத்தின் முன்சக்கரத்தில் மாட்டி டிராக்டரால் தள்ளும் நீளமான தண்டு. பார்த்தால் சாதாரண இரும்புக் குழாய். அதன் தலைப்பகுதியில் ஷியர் பின் என்று ஒரு சின்னப் பின் இருக்கும். டிராக்டர்காரர் வேகமாக வெட்டித் திருப்பினால் அந்தப் பின் உடைய வேண்டும். உடைந்தால் ஒரு பின்னோடு போகும். உடையாவிட்டால் விசை அத்தனையும் முன்சக்கரக் காலுக்குப் போய்விடும், செலவு லட்சக்கணக்கில்.

நம் ஊர் லேத்காரர்கள் கைத்தொழிலில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பெருமை எதில் என்றால், "என் பின்னு உடையவே உடையாது சார்" என்பதில். வரைபடத்தில் ஒரு வகை எஃகு கேட்டிருந்தால் அதைவிட உசத்தியானதைப் போட்டுத் தருவார்கள், அன்பின் பேரில். இந்தத் தொழிலில் அது குற்றம். எந்த விசையில் உடைய வேண்டுமோ அந்த விசையில் உடைகிற பின்தான் நல்ல பின். ஏர்லைன்ஸில் வேலை பார்த்தவனுக்கு இது ரத்தத்தில் ஊறியிருக்கும். பட்டறைக்காரருக்கு லேத் தெரியும், உங்களுக்கு விமானம் தெரியும். இந்த இரண்டும் ஒரே மேஜையில் உட்காரும் ஊர்கள் அதிகம் இல்லை.

சேலத்துல இருந்துக்கிட்டு இதெல்லாம் ஆகுமா? பெங்களூர் போயிடறது நல்லதில்லையா?

பெங்களூருக்கு இங்கிருந்து நான்கு மணி நேரம். வாடகை மட்டும் இங்கே பாதிக்கும் கீழே. இருங்கள் என்பதுதான் என் கட்சி.

இங்கே ஸ்டீல் பிளான்ட் இருக்கிறது, மேக்னசைட் இருக்கிறது, வெள்ளிப் பட்டறைகளில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை விரல் நுனியில் சொல்கிற கைகள் இருக்கின்றன. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று, சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு. 2019 ஜனவரியில் திருச்சியில் அதைத் தொடங்கி வைத்தார்கள். 2023இல் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற எல்விஎம்3 ராக்கெட்டில் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் நம் சோனா கல்லூரியின் சோனாஸ்பீடு செய்தது. ஜங்ஷனிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கும் தூரத்தில் செய்த பொருள் நிலாப் பயணத்தில் வேலை பார்த்திருக்கிறது.

விமான நிலையத்தைப் பற்றி அளவாகவே நம்புங்கள். 1993இல் திறந்தார்கள், பயணிகள் இல்லாமல் வெகு காலம் பூட்டிக் கிடந்தது. கிங்ஃபிஷர் கொஞ்ச காலம் வந்து போனது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. ரன்வே 1,800 மீட்டர் சொச்சம், ஏடிஆர் மாதிரி சின்ன விமானத்துக்குத்தான் சரி. உங்கள் சந்தை காமலாபுரம் மட்டும் என்று நினைத்து முதல் போடாதீர்கள். காமலாபுரம் பார்த்துக் கற்க, பெங்களூரும் சென்னையும் ஹைதராபாதும் விற்க.

நான் இன்னும் ஏர்லைன்ஸ்லதான் இருக்கேன். இப்பவே ஒண்ணு கண்டுபிடிச்சா அது எனக்குச் சொந்தமா, கம்பெனிக்கா?

உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, யாரும் படிக்காத பின்பக்கங்களைப் படியுங்கள். இந்தியப் பேட்டன்ட் சட்டத்தில் ஊழியர் கண்டுபிடிப்பு யாருக்கு என்று தனிப் பிரிவு இல்லை. ஒப்பந்தத்தில் என்ன கையெழுத்துப் போட்டீர்களோ அதுதான் முதலில் பேசும். "பணிக்காலத்தில் உருவாகும் அறிவுச் சொத்து அனைத்தும் நிறுவனத்துக்கே" என்ற வரி பெரும்பாலும் இருக்கும்.

ஷிப்ட் நேரம், கம்பெனி லேப்டாப், ஹேங்கரில் கிடந்த துண்டுத் தகடு, மெயின்டனன்ஸ் மேனுவலின் நகல், எதையும் தொடாதீர்கள். மேனுவல் விஷயத்தில் ராஜினாமாவுக்குப் பிறகும் கவனம் வேண்டும், அது தயாரிப்பாளரின் சொத்து.

பேட்டன்ட்டுக்கு எவ்வளவு ஆகும்? லட்சக்கணக்குல சொல்றாங்களே.

அரசாங்கக் கட்டணம் அவ்வளவு இல்லை. தனி நபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் தாக்கல் செய்ய 1,600 ரூபாய், முப்பது பக்கம், பத்து உரிமைக்கோரல் வரை. பரிசீலனை விண்ணப்பத்துக்கு 4,000 ரூபாய். நமக்கான அலுவலகம் சென்னை கிண்டியில். லட்சம் என்பது ஏஜென்டுக்கு, அதுவும் எழுதுவதன் தரத்தைப் பொறுத்து. மத்திய அரசில் பதிவு செய்த ஸ்டார்ட்அப்புக்கு எழுதிக் கொடுக்க அரசே சம்பளம் தரும் உதவியாளர்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

முதலில் தற்காலிக விவரக்குறிப்பு போட்டுத் தேதியைப் பிடியுங்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தர வேண்டும். 31 மாதத்துக்குள் பரிசீலனை கேட்க வேண்டும், இது 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகான கணக்கு. கிடைத்தால் தாக்கல் தேதியிலிருந்து இருபது வருடம். தெரிந்த இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் பேட்டன்ட் கேட்டால் கிடைக்காது. வெறும் வடிவம்தான் புதுசு என்றால் டிசைன் பதிவு போதும், செலவும் குறைவு.

தாக்கலுக்கு முன் யூடியூபில் போடாதீர்கள். கல்லூரிக் கண்காட்சியில் வைக்காதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் படம் அனுப்பாதீர்கள். உலகத்துக்குத் தெரிந்துவிட்ட பொருள் புதுசு இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஊரே கைதட்டிய பிறகு கிண்டிக்குப் போய்ப் பயனில்லை.

ட்ரோன்தானே இப்ப சுலபம்? செஞ்சு ஏற்காட்டுல பறக்கவிட்டுப் பார்க்கலாமா?

விமானத்தைவிடச் சுலபம், உண்மை. ட்ரோன் விதிகள் 2021 வந்த பிறகு நிறைய முடிச்சு அவிழ்ந்தது. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். விற்க வேண்டுமென்றால், நானோ தவிர மற்ற மாடலுக்கு வகைச் சான்று வேண்டும். ஆராய்ச்சி செய்யும் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கும் கல்வி நிறுவனத்துக்கும், பச்சை மண்டலத்தில், தன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்துக்குள் சோதிக்கச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. பச்சை மண்டலம் என்றால் பொதுவாக 400 அடி வரை. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வட்டத்தில் 200 அடி வரைதான். ஓமலூர், தாரமங்கலம் பக்கத்துக்காரர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டே பேட்டரியை மாட்டுங்கள்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் பக்கம் நின்று ட்ரோன் விடும் கூட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். காப்புக்காடு வனத்துறைக்குச் சொந்தம், அவர்களைக் கேட்காமல் கூடாது. மலை விளிம்பில் அடிவாரத்துக் காற்று மேலே ஏறி வரும், மதியத்துக்கு மேல் ட்ரோனைச் சுருட்டி எறியும். காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் சிக்கினால் எடுக்க ஆள் தேட வேண்டும். சமவெளியில் சோதித்து முடித்துவிட்டு, தெரிந்தவர் தோட்டத்தில் அனுமதியோடு, காலை வேளையில் போங்கள். மலைக்குத் தாங்கும் ட்ரோன் செய்தால் அதற்கு வாடிக்கையாளர் அங்கேயே இருக்கிறார்கள். மிளகுக் கொடி ஏறியிருக்கும் சரிவில் மருந்தடிக்கக் கூலியாள் கிடைக்காமல் தோட்டக்காரர்கள் தவிக்கிறார்கள்.

பணத்துக்கு?

மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் பட்டம், டிப்ளமோ, ஐடிஐ படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் திட்டச் செலவில் 25 சதவீதம் மானியம், உச்சவரம்போடு. மானியத்தை நம்பி இயந்திரம் வாங்காதீர்கள், அது வருகிறபோது வரும். பி.எஃப். பணத்தைத் தொடுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

பையன் ப்ளஸ் டூ. ஏ.எம்.இ. படிக்க வைக்கலாமா, ஏரோநாட்டிகல் இன்ஜினீயரிங்கா?

கையில் கிரீஸ் படப் பிடிக்குமென்றால் ஏ.எம்.இ. என்ற விமானப் பராமரிப்புப் படிப்பு, கணக்கும் வடிவமைப்பும் பிடிக்குமென்றால் டிகிரி. ஏ.எம்.இ.க்குப் படிப்பு முடிந்தாலே லைசென்ஸ் இல்லை. டிஜிசிஏ பரீட்சைகள் எழுத வேண்டும், ஹேங்கர் அனுபவம் வேண்டும். சேர்க்கும்போது கட்டட அழகைப் பார்க்காதீர்கள். போன வருடப் பிள்ளைகளில் எத்தனை பேர் எத்தனை மாட்யூல் பாஸ் என்று கேளுங்கள்.

மொதல் ஆர்டர் எப்படிப் புடிக்கறது?

ஏர்லைன்ஸின் தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினால் பதில் வராது. வாங்கும் முடிவு எடுக்கும் ஆள் வேறு, அவதிப்படும் ஆள் வேறு. அவதிப்படும் ஆளைப் பிடியுங்கள். அவர் உங்களோடு நைட் ஷிப்ட் பார்த்தவராகத்தான் இருப்பார். கிரவுண்ட் ஹேண்ட்லிங் ஏஜென்சியின் ஸ்டேஷன் இன்சார்ஜ், பயிற்சிப் பள்ளியின் இன்ஜினீயர், இவர்களிடம் ஒன்றைக் கொடுத்து ஒரு மாதம் பயன்படுத்தச் சொல்லுங்கள். உடைந்தால் எப்படி உடைந்தது என்று போட்டோ கேளுங்கள். பிளாத்தின் பெட்டி விற்ற வழியும் அதுதான். பணம் தொண்ணூறு நாள் கழித்து வரும் என்று வைத்துக்கொண்டே விலை போடுங்கள்.

எங்கிட்ட ஒரு ஐடியா இருக்குண்ணா. உங்ககிட்ட காட்டி அபிப்பிராயம் கேக்கலாமா?

தாக்கல் செய்த ரசீதை எடுத்துக்கொண்டு வாருங்கள். அதற்கு முன்னால் என்றால் பிரச்சினை என்ன என்று மட்டும் சொல்லுங்கள், தீர்வைச் சொல்லாதீர்கள். நானும் இதே தொழிலில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் மாலை ஐந்துக்கு மேல் பட்டறையில் இருப்பேன். மாதிரி செய்திருந்தால் அதையும், எந்த எஃகு, யாரிடம் வாங்கியது என்ற பில்லையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.